சுவிஸ் மயானங்கள்: உள்ளூர் மன்றங்களின் அதிகாரமும் தமிழர் முன்னுள்ள கேள்விகளும்

சுவிட்சர்லாந்தின் கிழக்கே துர்காவ் மாநிலத்திலுள்ள வைன்ஃபெல்டன் என்ற சிறு நகரின் வாக்காளர்கள், 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் தமது மயானத்தின் ஒரு பகுதியைப் பற்றி வாக்களித்தார்கள். அந்தப் பகுதியை முஸ்லிம்களின் அடக்கத்துக்கென ஒதுக்குவதா, வேண்டாமா என்பதே கேள்வி. நகரின் மன்றம் அதற்கு ஏற்கெனவே இணங்கியிருந்தது. ஆனால் எதிர்ப்பாளர்கள் கையெழுத்துத் திரட்டி அம்முடிவை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுசென்றனர். மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் திட்டம் தோற்றது.

ஒரு நாட்டின் அரசியலைக் கவனிப்பவர்கள் மயானத்தைப் பற்றிய நகரசபை முடிவு ஒன்றைப் பொருட்படுத்துவது அரிது. ஆனால் சுவிட்சர்லாந்தில் இறந்தவர்களை எங்கே, எவ்வாறு, எத்தனை ஆண்டுகளுக்கு அடக்கம் செய்வது என்ற கேள்விக்கு, மாநிலச் சட்டங்களின் வரம்புக்குள், பெரும்பாலும் உள்ளூர் மன்றங்களே விடையளிக்கின்றன. 26 மாநிலங்களும் ஏறத்தாழ 2,100 உள்ளூராட்சி மன்றங்களும் கொண்ட இந்நாட்டில், ஒரு கிராமத்தில் அனுமதிக்கப்படுவது அடுத்த கிராமத்தில் மறுக்கப்படலாம்.

அங்கு வாழும் தமிழர்களுக்கு இது இனியும் தொலைவான விடயமாக இல்லை. 1980களில், குறிப்பாக 1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின்னர், இலங்கையிலிருந்து புகலிடம் தேடிச் சென்றவர்களில் பெரும்பாலானோர் அப்போது இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். சுவிஸ் குடியுரிமை பெற்றவர்களையும் சேர்த்து, சுமார் 50,000 தமிழர்கள் அந்நாட்டில் வாழ்வதாக மதிப்பிடப்படுகின்றது. முதல் தலைமுறை இப்போது ஓய்வூதிய வயதை எட்டிவிட்டது. மொழிப் பாடசாலைகளையும் கோயில்களையும் கட்டியெழுப்பிய ஒரு சமூகம், தனது இறுதிச் சடங்குகளுக்கான இடத்தையும் அந்நாட்டு உள்ளூராட்சியிடம் கேட்கும் கட்டத்துக்கு வந்துள்ளது.

1874இல் எடுக்கப்பட்ட முடிவு

சுவிஸ் மயானங்கள் தொடக்கத்தில் உள்ளூராட்சி மன்றங்களின் கையில் இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவை பெரும்பாலும் தேவாலயங்களின் ஆளுகையிலேயே இருந்தன. கத்தோலிக்கப் பெரும்பான்மை உள்ள ஊரில் இறந்த புரட்டஸ்தாந்தியருக்கும், புரட்டஸ்தாந்தப் பெரும்பான்மை உள்ள ஊரில் இறந்த கத்தோலிக்கருக்கும் உரிய இடம் கிடைப்பது உறுதியில்லை. தற்கொலை செய்துகொண்டவர்களும் ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளும் மதிலோரத்தில் ஒதுக்கப்பட்டனர்.

திருச்சபைக்கும் அரசுக்கும் இடையிலான மோதல் கடுமையாக இருந்த 1870களில் இதற்கு முடிவு கட்டப்பட்டது. 1874ஆம் ஆண்டின் கூட்டாட்சி அரசியலமைப்பு, மயானங்கள் மீதான அதிகாரம் சிவில் நிர்வாகத்துக்கே உரியது என்றும், இறந்த ஒவ்வொருவரும் கண்ணியமான முறையில் அடக்கம் செய்யப்படுவதை அந்நிர்வாகம் உறுதிசெய்ய வேண்டும் என்றும் தனது 53ஆவது உறுப்புரையில் விதித்தது. 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பில் இந்த வாசகம் தனியாக இடம்பெறவில்லை. மனித மாண்பைப் பாதுகாக்கும் 7ஆவது உறுப்புரைக்குள் அவ்வுரிமை அடங்கும் என்று கருதப்படுகின்றது.

இந்த வரலாறு இன்றைய விவாதங்களை விளங்கிக்கொள்ள அவசியமாகின்றது. மதத்தின் பெயரால் இறந்தவர்களைப் பிரிக்கக்கூடாது என்பதே சுவிஸ் பொது மயானத்தின் அடிப்படைக் கொள்கை. சிறுபான்மையினரைப் பாதுகாக்கப் பிறந்த அதே கொள்கையே பிற்காலத்தில் வேறு சிறுபான்மையினருக்குத் தனியிடம் மறுப்பதற்கான வாதமாகவும் பயன்பட்டது.

இருபது ஆண்டுகளுக்கு ஒரு நிலம்

ஒருவர் இறந்ததும் குடும்பத்தினர் மருத்துவச் சான்றிதழுடன் நாடுவது உள்ளூர் நிர்வாகத்தின் பதிவு அலுவலகத்தையும் அடக்க அலுவலகத்தையும்தான். சூரிச் போன்ற நகரங்களில் அந்நகரில் வசித்தவருக்கான அடிப்படைச் சேவைகள் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. எளிய பெட்டி, தகனம், வரிசைக் கல்லறை ஆகியவை அவற்றுள் அடங்கும். செல்வந்தரும் ஏழையும் இறந்த வரிசையிலேயே அடுத்தடுத்து அடக்கம் செய்யப்படுவதால் அதற்கு வரிசைக் கல்லறை என்று பெயர்.

ஆனால் அந்நிலம் நிரந்தரமானதன்று. சட்டம் குறைந்தபட்ச அமைதிக் காலம் ஒன்றை விதிக்கின்றது. பல இடங்களில் அது 20 முதல் 25 ஆண்டுகள். அக்காலம் முடிந்ததும் நிர்வாகம் பொது அறிவித்தல் வெளியிடுகின்றது. குறிப்பிட்ட திகதிக்குள் நினைவுக் கல்லை எடுத்துச்செல்லுமாறு குடும்பத்தினர் கேட்கப்படுகின்றனர். பின்னர் நிலம் சமப்படுத்தப்பட்டுப் புல் விதைக்கப்படுகின்றது, அல்லது மீண்டும் பயன்படுத்தப்படுகின்றது. நீண்டகாலம் வைத்திருக்க விரும்புவோர் குடும்பக் கல்லறையைக் கட்டணம் செலுத்திக் குத்தகைக்குப் பெறலாம். அந்தக் குத்தகைக்கும் ஒரு முடிவுண்டு.

நினைவுக் கல்லின் உயரம், அதன் வகை, நடக்கூடிய செடிகள் ஆகியவற்றையும் உள்ளூர் ஒழுங்குவிதிகளே தீர்மானிக்கின்றன. இலங்கையில் பரம்பரையாக ஒரே கல்லறைக்குச் சென்று மெழுகுவர்த்தி ஏற்றிப் பழகிய தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு, தந்தையின் கல்லறையை அகற்றுமாறு வரும் அறிவித்தல் அதிர்ச்சியாக அமையக்கூடும். அதிகாரிகளின் பார்வையில் அது புறக்கணிப்பு ஆகாது. நாட்டின் எல்லாக் குடிமக்களுக்கும் பொருந்தும் சாதாரண விதியே அது.

வெறுமையாகும் மயானங்கள்

இன்னொரு மாற்றமும் சத்தமின்றி நடந்துவருகின்றது. சுவிட்சர்லாந்தின் முதலாவது தகனசாலை 1889ஆம் ஆண்டில் சூரிச்சின் சீல்ஃபெல்ட் மயானத்தில் செயற்படத் தொடங்கியது. அன்று தேவாலயங்களின் எதிர்ப்பைச் சந்தித்த தகனம் இன்று பொது வழக்காகிவிட்டது. இப்போது இறப்பவர்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் தகனம் செய்யப்படுகின்றனர். சாம்பல் கலசத்துக்குத் தேவையான இடம் மிகச் சிறிது. பெயரில்லாப் பொதுக் கல்லறைகளையும் பலர் தெரிவுசெய்கின்றனர். துர்காவ் மாநிலத்தின் மாமர்ன் என்ற ஊரில் 1999ஆம் ஆண்டு, மரங்களின் வேரடியில் சாம்பலைப் புதைக்கும் வன அடக்கம் தொடங்கப்பட்டது. அது அண்டை நாடுகளுக்கும் பரவியது.

இவற்றின் விளைவாக, ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இடநெருக்கடியை எதிர்பார்த்து அமைக்கப்பட்ட மயானங்களில் இன்று பரந்த நிலம் வெறுமையாக உள்ளது. சுமார் 28 ஹெக்டேர் பரப்புள்ள சீல்ஃபெல்ட், சூரிச் நகரின் மிகப் பெரிய பசுமைவெளியாகக் கருதப்படுகின்றது. செஞ்சிலுவைச் சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவரான ஹென்றி டியூனான் அங்குதான் துயில்கின்றார். நாட்டின் மிகப் பெரிய மயானமான பாசலின் ஹொர்ன்லி 1932இல் திறக்கப்பட்டது. அங்கு மலர்களை மேயும் காட்டு மான்களை என்ன செய்வது என்பதே அண்மைக்காலத்தில் பெரும் விவாதமாயிற்று.

நகரங்களோ நெருக்கமாகி வருகின்றன. 2013ஆம் ஆண்டின் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட நிலத் திட்டமிடல் சட்டத் திருத்தம், நகரங்கள் வெளிநோக்கிப் பரவுவதைக் கட்டுப்படுத்தி, உள்ளேயே அடர்த்தியாகக் கட்டுவதை ஊக்குவிக்கின்றது. எனவே இருக்கும் பசுமைவெளியின் மதிப்பு உயர்ந்துள்ளது. பேர்ண், பாசல் ஆகிய நகரங்களில் பூங்காக்களைப் பராமரிக்கும் அதே நகரசபைத் துறையே மயானங்களையும் பராமரிக்கின்றது. மயானத்தில் ஓடிப் பயிற்சி செய்யலாமா, நாய்களைக் கொண்டுவரலாமா, பிள்ளைகள் விளையாடலாமா என்ற கேள்விகள் நகரசபைகளின் நிகழ்ச்சிநிரலில் இடம்பெறுகின்றன.

இது முற்றிலும் புதியதும் அன்று. பேர்ண் நகரின் புகழ்பெற்ற ரோசன்கார்டன் பூங்கா 1765 முதல் 1877 வரை மயானமாக இருந்தது. 1913இல் அது பொதுப் பூங்காவாயிற்று. பாசலின் கன்னன்ஃபெல்ட் பூங்காவும் முன்னர் ஒரு மயானமே. கோடை மாலைகளில் அங்கு உலாவும் தமிழ்க் குடும்பங்களில் பலர் இதனை அறிந்திருக்க மாட்டார்கள்.

சமத்துவத்தின் இரு விளக்கங்கள்

இவ்வளவு இடம் இருக்கும்போது, அதிலொரு பகுதியை ஒரு சமூகத்துக்கு ஒதுக்குவதில் என்ன தடை என்று கேட்கப்படலாம். தடை நிலத்தில் இல்லை, கொள்கையில் உள்ளது.

1999ஆம் ஆண்டு கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் இக்கேள்வியை ஆராய்ந்தது. சூரிச் மாநிலத்தின் ஹவுசன் அம் அல்பிஸ் என்ற கிராமத்தில் வசித்த முஸ்லிம் ஒருவர், தமது மத விதிக்கேற்ப என்றும் தோண்டப்படாத கல்லறை ஒன்றைப் பொது மயானத்தில் கோரியிருந்தார். பொது மயானத்தில் காலவரையற்ற அமைதியைக் கோரும் உரிமை மதச் சுதந்திரத்திலிருந்து எழாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பு ஒரு வாசலை மூடியபோதிலும், அரசியல் வேறு வாசல்களைத் திறந்தது. பேர்ண் நகரம் 2000ஆம் ஆண்டில் பிரெம்கார்டன் மயானத்தில் முஸ்லிம்களுக்கு ஒரு பகுதியை ஒதுக்கியது. சூரிச் மாநிலம் தனது விதிகளை 2001இல் திருத்தியது. அதன் பின்னர் சூரிச் நகரின் விட்டிக்கோன் மயானத்தில் 2004இல் அவ்வாறான பகுதி திறக்கப்பட்டது. முஸ்லிம் அமைப்புகளும் அமைதிக் காலம் குறித்து விட்டுக்கொடுத்தன. திசையையும் ஒருங்கிணைந்த இடத்தையும் பெற்றுக்கொண்டு, நிரந்தரம் என்ற கோரிக்கையைத் தளர்த்தியதே இந்த இணக்கத்தின் சாரம்.

ஜெனீவாவின் அனுபவம் இன்னும் சிக்கலானது. 1876ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் மயானங்களில் மதப் பிரிவினையைத் தடைசெய்தது. அதனால் யூதச் சமூகம் 1920இல் வெய்ரியே என்ற எல்லைக் கிராமத்தில் ஒரு மயானத்தை அமைத்தது. அதன் வாசல் சுவிட்சர்லாந்தில் உள்ளது, கல்லறைகள் பிரெஞ்சு மண்ணில் உள்ளன. மதப் பகுதிகளுக்கு இடமளிக்கும் வகையில் ஜெனீவா தனது சட்டத்தைத் திருத்தியது 2007ஆம் ஆண்டிலேயே.

தனிப் பகுதிகளை எதிர்ப்பவர்களின் வாதத்தை வெறும் இனவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1874இல் போராடிப் பெற்ற பொதுமை மீண்டும் கூறுபடும் என்று அவர்களில் சிலர் உண்மையாகவே அஞ்சுகின்றனர். மறுபுறம், எல்லோருக்கும் ஒரே விதி என்பது பெரும்பான்மையினரின் வழக்கத்தையே பொது விதியாக்குகின்றது என்ற பதிலும் வலுவானது. மினாரெட்டுகளைத் தடைசெய்த 2009ஆம் ஆண்டின் தேசிய வாக்கெடுப்புக்குப் பின்னர், மயானம் பற்றிய உள்ளூர் விவாதங்கள் மயானத்தைப் பற்றியவை மட்டுமாக இருப்பதில்லை.

ஆறும் அஸ்தியும்

தமிழர்களில் பெரும்பான்மையினரான சைவர்களின் தேவை இதிலிருந்து வேறுபட்டது. அவர்கள் நிலம் கேட்கவில்லை. தகனம் ஏற்கெனவே நாட்டு வழக்காகிவிட்டதால் அதிலும் தடையில்லை. சிக்கல் எழுவது நேரத்திலும் நீரிலும்தான்.

பல மாநிலங்களில் இறந்து 48 மணிநேரம் கழியும் வரை தகனம் செய்ய இயலாது. தகனசாலையின் மண்டபம் குறிப்பிட்ட நேரத்துக்கே கிடைக்கும். கிரியைகள், தேவாரம், சுண்ணப்பாட்டு, வாய்க்கரிசி, நூற்றுக்கணக்கான உறவினரின் இறுதி வணக்கம் ஆகிய அனைத்தையும் அந்த நேரத்துக்குள் சுருக்க வேண்டியுள்ளது. வீட்டில் தொடங்கி மயானத்தில் முடியும் ஒரு சடங்கு, ஒரே மண்டபத்துக்குள் அடங்கிவிடுகின்றது.

அஸ்தியைப் பொறுத்தவரை சுவிஸ் நடைமுறை அண்டை நாடான ஜெர்மனியை விடத் தாராளமானது. சாம்பல் குடும்பத்தினரிடம் கையளிக்கப்படுகின்றது. அதனை வீட்டில் வைத்திருப்பதற்கோ இயற்கையில் கலப்பதற்கோ பொதுவாகத் தடையில்லை. எனினும் பூ, துணி, எண்ணெய் போன்றவற்றை நீர்நிலையில் விடுவது நீர்ப் பாதுகாப்பு விதிகளுடன் முரண்படுகின்றது. ஆற்றங்கரையில் கூடும் குடும்பத்தைக் கண்டு அயலவர்கள் முறையிடும் வாய்ப்பும் உண்டு. இதனால் பலர் அஸ்தியை இலங்கையின் கீரிமலைக்கோ இந்தியாவின் இராமேஸ்வரத்துக்கோ காசிக்கோ எடுத்துச்செல்கின்றனர். வேறு சிலர் விடியற்காலையில், எவரும் காணாத நேரத்தில் ஆற்றில் கரைக்கின்றனர்.

லுசேர்ன் நகரம் இதற்கு வேறொரு வழியைக் காட்டியது. 2012ஆம் ஆண்டில் அந்நகரம் ரொய்ஸ் ஆற்றங்கரையில் ஓரிடத்தை இந்துக்களின் அஸ்தி கரைக்கும் சடங்குக்கென வகுத்துக் கொடுத்தது. பெரும் செலவோ சட்டத் திருத்தமோ இன்றி, பேச்சுவார்த்தையின் மூலம் அந்த ஏற்பாடு உருவானது. மறைவாகச் செய்யப்பட்ட ஒன்று, ஒழுங்குக்கு உட்பட்டு வெளிப்படையாகச் செய்யக்கூடியதாயிற்று. பிற நகரங்களும் பின்பற்றக்கூடிய முன்னுதாரணம் அது.

தாயகத்தின் கண்ணாடியில்

மயானத்தின் மீது யாருக்கு அதிகாரம் என்ற கேள்வியின் கனத்தை இலங்கைத் தமிழர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தின் கோப்பாயில் விடுதலைப் புலிகளின் மாவீரர் துயிலும் இல்லம் இருந்த நிலத்தில், 2011ஆம் ஆண்டு இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது. தமது பிள்ளைகளைப் புதைத்த இடத்தைப் பெற்றோர் இழந்தனர்.

கொரோனாப் பெருந்தொற்றின்போது, இறந்த அனைவரையும் தகனம் செய்ய வேண்டும் என்று 2020 ஏப்ரலில் இலங்கை அரசு வர்த்தமானி மூலம் கட்டாயமாக்கியது. உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தையும் அனுமதித்திருந்தது. ஆயினும் முஸ்லிம் குடும்பங்களின் மன்றாட்டம் 2021 பெப்ரவரி வரை செவிமடுக்கப்படவில்லை. 2024 ஜூலையில் அரசு அதற்காக மன்னிப்புக் கோரியது.

தவறு எப்போதும் கொழும்பில் மட்டும் நிகழ்வதும் இல்லை. யாழ்ப்பாணம் புத்தூரின் கலைமதி கிராமத்தில், குடியிருப்புகளுக்கு அருகிலுள்ள மயானத்தில் சடலங்கள் எரிக்கப்படுவதை எதிர்த்து 2017இல் மக்கள் போராடினர். அப்போராட்டத்தின் பின்னணியில் சாதியும் இருந்தது. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாதை மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் சடலம் பாலத்தின் மேலிருந்து கயிற்றில் இறக்கப்பட்டது. நாட்டையே அதிரவைத்த அக்காட்சியை அடுத்து, சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தது. மதிலோரத்தில் ஒதுக்கப்பட்ட சுவிஸ் கல்லறைகளின் கதை 1874இல் எழுதப்பட்ட சட்டத்தால் முடிவுக்கு வந்தது. தமிழர் நிலங்களில் அக்கதை இன்னும் முடியவில்லை.

இலங்கையில் பிரதேச சபைகளும் நகர சபைகளும் 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் ஒத்திவைக்கப்பட்டதால், 2025 மே மாதத் தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றியே இயங்கின. மயானத்துக்கு மின்விளக்கு இல்லை என்று முறையிடக்கூடத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் ஒருவர் இருக்கவில்லை. சுவிஸ் முறையின் மெதுவான போக்கைக் குறைகூறுவோர் இந்த வேறுபாட்டையும் கருத்தில் கொள்வது நல்லது.

வாக்கு யாரிடம்

எனினும் சுவிஸ் உள்ளூர் ஜனநாயகத்துக்கு ஒரு பெரும் இடைவெளி உண்டு. மக்கள்தொகையில் நான்கில் ஒருவருக்கும் அதிகமானோர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையவர்கள். நொயென்பர்க் என்று ஜெர்மன் மொழியில் அழைக்கப்படும் நியூஷாத்தல், யூரா, வோ, ஃப்ரிபூர், ஜெனீவா போன்ற பிரெஞ்சு மொழி வழங்கும் மாநிலங்களில், நீண்டகாலம் வசிக்கும் வெளிநாட்டவருக்கு வெவ்வேறு அளவில் உள்ளூர் வாக்குரிமை உண்டு. தமிழர்கள் பெருமளவில் வாழும் சூரிச், பேர்ண், லுசேர்ன், பாசல் பகுதிகளில் குடியுரிமை இன்றி வாக்களிக்க இயலாது. அந்தக் குடியுரிமைக்கான விண்ணப்பமும் முதலில் பரிசீலிக்கப்படுவது பெரும்பாலும் உள்ளூர் மட்டத்திலேயே.

வரி செலுத்தும் ஒருவர், தமது வரியில் பராமரிக்கப்படும் மயானத்தின் விதிகளைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் பங்கேற்க முடியாதிருப்பது இதன் விளைவு. முதல் தலைமுறையில் குடியுரிமை பெறாதவர்கள் இன்றும் உள்ளனர். அவர்களுக்காகப் பேசக்கூடியவர்கள் அங்கேயே பிறந்து, ஜெர்மன் மொழியில் வாதிடத் தெரிந்து, வாக்குச்சீட்டும் கையில் உள்ள அவர்களின் பிள்ளைகளே. ஆனால் தேசியத் தேர்தல்களில் காட்டும் ஆர்வத்தை மயான ஒழுங்குவிதி பற்றிய நகரசபைக் கூட்டத்தில் அவர்கள் காட்டுவார்களா என்பது ஐயமே.

கோரிக்கைகள் பெரியவையாக இருக்க வேண்டியதும் இல்லை. தகனசாலை மண்டபத்தில் இன்னும் ஒரு மணிநேரம், ஆற்றங்கரையில் வகுக்கப்பட்ட ஓரிடம், கல்லறை அகற்றப்படுமுன் குடும்பத்துக்குத் தெளிவாக விளக்கும் ஒரு தமிழ்க் கடிதம் ஆகியவற்றைக் கூட்டாட்சி அரசிடம் கேட்கத் தேவையில்லை. அவை நகரசபை அலுவலகத்திலேயே தீர்க்கப்படக் கூடியவை. 2014 டிசம்பரில் பேர்ணில் திறக்கப்பட்ட மதங்களின் இல்லத்தில் சைவக் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே கூரையின் கீழ் அமைந்திருப்பது, இத்தகைய பேச்சுவார்த்தை சாத்தியம் என்பதற்குச் சான்று. அதே வேளை, மன்றத்தில் பெற்ற இணக்கம் வாக்குப்பெட்டியில் கவிழக்கூடும் என்பதற்கு வைன்ஃபெல்டன் சான்று.

இன்று அடக்கம் செய்யப்படும் ஒரு தமிழரின் கல்லறை, பெரும்பாலும் 2040களின் பிற்பகுதியில் அகற்றப்படும். அப்போது அந்த அறிவித்தலைப் பெறப்போவது பேரப்பிள்ளைகள். நினைவுக் கல்லை எடுத்துவர ஒருவர் செல்வாரா, அந்த இடத்தில் முளைக்கும் புல்வெளி யாருடைய பொறுப்பில் இருக்கும், அங்கே ஒரு மரம் நடலாமா என்பவை அன்றும் அந்த ஊரின் மன்றத்திலேயே முடிவாகும். அந்த மேசையில் தமிழர் ஒருவரும் அமர்ந்திருப்பாரா என்பதே முதல் தலைமுறை விட்டுச்செல்லும் கேள்வி.